தாளின் கடைசி வரி

போன வாரம் திவ்யா போன் செய்தாள். திருத்தங்கலில் நான் வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில் இப்போது என் நாற்காலியில் இருக்கிற பெண் அவள். தினசரி காலண்டர் தாளில் பழையபடி ஆங்கிலச் சொற்றொடர் போடச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறதாம். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள்.

"நெருப்பு, புகை வர்ற தொடரெல்லாம் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னாக. அது சரி, நம்ம வெடி ஆலை ஊரு அப்படி. 'பி ரைட் பேக்' ஏங்க்கா கூடாது? நீங்க சொல்லிட்டுப் போனீகளாமே. அந்தோணியண்ணன் மெஷினை நிப்பாட்டிட்டு ஒத்தக் கால்ல நிக்காரு."

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஏன் வாயைக் கொடுத்தோம் என்றிருந்தது. இதை இதுவரை வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

திவ்யாவுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நான் சம்சாத், விருதுநகர்க்காரி. வாப்பா பருப்பு மண்டியில் வேலை பார்த்தார். என்னைக் கல்லூரியில் ஆங்கிலம் படிக்க வைத்தார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பட்டத்தைப் பரணில் போட்டுவிட்டுக் கல்யாணம், பிள்ளைகள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலை தேடினேன், பிழை திருத்தும் வேலை கிடைத்தது. வேலை பழகிய நாட்களில் ஏச்சு வாங்கியதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இல்லை. அதனால் அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

தினசரி காலண்டர் தாளை வாசகர்கள் கிழித்துப் போடுகிறார்கள், ஒரு நாளாவது முழுசாகப் படித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தேதி, தமிழ்த் தேதி, பிறை, நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம். அதற்குக் கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல்: மேஷத்துக்கு வரவு, ரிஷபத்துக்குப் பகை, மிதுனத்துக்குச் சுகம். இதில் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் செவ்வாய்க்கிழமைத் தாளில் புதன்கிழமை ராகு காலம் ஏறிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நம்பிக்கை வேறு, வேலை வேறு.

எங்கள் மேனேஜர் கனகவேல் அண்ணாச்சியும் இந்த விஷயத்தில் என் கட்சிதான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிழை கண்ணில் பட்டால் குரல் இன்னும் இறங்கும். கடைசி புரூஃபை உட்கார்ந்து படிக்கவே மாட்டார். நின்றபடி, ஓர் எஃகு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். நான் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் "ஆச்சு" என்பார். அந்த ஒரு சொல் விழாமல் எந்தத் தாளும் மெஷினுக்குப் போகாது.

காலையில் தாள் கிழிப்பதும் அந்த ஸ்கேலால்தான். நாமெல்லாம் பிடித்து இழுப்போம், மேலே பல்லுப் பல்லாகத் துண்டு நிற்கும். அண்ணாச்சி மேல் விளிம்பில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பில் எடுப்பார். வெட்டின மாதிரி நேராக நிற்கும். "நாம அடிச்ச தாளை நாமளே பிச்சு எறியக் கூடாதும்மா" என்பார். வீட்டிலும் அப்படித்தானாம். வீட்டுக்கும் ஆபீசுக்கும் அந்த ஒரே ஸ்கேல்தான், அவர் தோள்பையில் போய் வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் ஊரெல்லாம் ஸ்போக்கன் இங்கிலீஷ் பித்து. தெருவுக்கு ஒரு போர்டு தொங்கியது. அண்ணாச்சி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கடைசி வரியில இருக்க பொன்மொழிய யாரும் படிக்கிறதில்ல. அதத் தூக்கிட்டு தினம் ஒரு இங்கிலீஷ் பேச்சு போடுவோம். சும்மா வெள்ளைக்காரன் வீட்டுல பேசுற மாதிரி. கீழ தமிழ் அர்த்தம். நீ படிச்சதுக்கு இப்பவாச்சும் ஒரு வேலை வரட்டும்."

படித்தவள்தான், ஆனால் அந்தத் தொடர்களில் பாதி எனக்கே புதுசு. அகராதியை வைத்துக்கொண்டு நானும் மாணவியாகி உட்கார்ந்தேன். 'பீஸ் ஆஃப் கேக்' என்பதற்கு 'மிக எளிது' என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சிக்குத் திருப்தி இல்லை. "கேக்கு நம்ம ஊருல பொறந்தநாளுக்குத்தான். அல்வா சாப்பிடுற மாதிரின்னு போடு, எல்லாருக்கும் புரியும்" என்றார். 'லாங் டைம் நோ ஸீ', 'ஸோ ஃபார் ஸோ குட்', 'டேக் யுவர் டைம்' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நெருப்பும் புகையும் வெடியும் வருகிற தொடர்களை எல்லாம் அவர் ஒன்று விடாமல் அடித்தார். 'நெருப்போடு விளையாடுவது' என்று தாளில் வந்தால், அதைப் படித்துவிட்டு எந்தப் பொம்பளை வெடி ஆலை மருந்து ரூமுக்குள் நிம்மதியாகப் போவாள் என்று கேட்டார். ஆடிப் பதினெட்டுக்கு மாதிரி காலண்டர்கள் வெளியாகும் என்பதால் அடுத்த வருஷத்து வரிகள் அத்தனையும் அதற்கு வெகு முன்பே முடிவாகி அச்சேறிவிடும்.

காலண்டர் பிரமாதமாகப் போனது. ஒட்டும் பிரிவுப் பெண்கள் என்னைப் பார்த்து "டேக் இட் ஈஸிக்கா" என்றார்கள். விருதுநகர் பஸ் கண்டக்டர், எப்படி இருக்கீக என்றால் "ஸோ ஃபார் ஸோ குட்" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பரணில் கிடந்த பட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் ஒரு வெயில் நாளில் திடீரென்று மழை அடித்து ஊற்றி, வெடி ஆலைகளில் காயப் போட்டிருந்த சரக்கெல்லாம் நனைந்துபோனது. மறுநாள் டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"யம்மா, நீங்க போட்டது பலிச்சிருச்சே" என்றார். முந்தைய நாள் தாளில் 'அவுட் ஆஃப் த ப்ளூ. சற்றும் எதிர்பாராமல்' என்று போட்டிருந்தேன். சிரித்துவிட்டு வந்தேன்.

அடுத்ததற்குச் சிரிப்பு வரவில்லை. எங்களிடம் காலண்டர் அடிக்கிற விருதுநகர் வத்தல் மண்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். சின்ன வயதில் கோபித்துக்கொண்டு ஓடிப்போன அவருடைய தம்பி ரயிலை விட்டு இறங்கி, நேராகக் கடை வாசலில் வந்து நின்றாராம். "உங்க தாளை இப்பத்தாம்மா கிழிச்சுப் படிச்சேன். 'லாங் டைம் நோ ஸீ, பார்த்து வெகுநாளாயிற்று'ன்னு இருந்துச்சு. தலையத் தூக்குனா தம்பி நிக்கான்" என்றார். அவர் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு என் கைமுடி நட்டுக்கொண்டு நின்றது.

யோசித்துப் பார்த்தால் தப்பு அவர்கள் மேலும் இல்லை. ஒரு தாளில் மேலிருந்து கீழ்வரை எல்லாமே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று சொல்கிற சங்கதி. கடைசி வரி மட்டும் பாடம் என்று யாருக்குத் தோன்றும்? ராசிக்கு ஒரு சொல் என்றால், ஊருக்கு மொத்தமாக ஒரு வரி. அப்படித்தான் படித்தார்கள். ஒரு வெடி ஆலை போர்மேன், 'ஹேங் பை எ த்ரெட், நூலிழையில் தொங்குதல்' என்று வந்த நாளில் மருந்து ரூமைத் திறக்கவே இல்லை. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததே பெரிய சாட்சியாகிவிட்டது. அதன் பிறகு பொன்மொழியைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஊர் இந்த ஒரு வரியை விடியக்காலையில் எழுந்ததும் படித்தது. சிலர் முன்கூட்டியே தாளைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ராசம்மாக்கா, எங்கள் அண்ணாச்சியின் மனைவி.

அண்ணாச்சிக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் தாங்காது என்று மதுரை டாக்டர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். புரட்டாசி மாதம். ரோடெல்லாம் தீபாவளி லோடு ஏற்றின லாரிகள். ராசம்மாக்கா கால் வீக்கத்தோடு ஆட்டோவில் அச்சகத்துக்கே வந்து, உள்ளே வராமல் கேட் அருகில் நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அவுக கிளம்புற அன்னிக்குத் தாளைப் பாத்தியா?"

பார்க்க வேண்டியதில்லை. நான் போட்டதாயிற்றே. 'கால் இட் எ டே. போதும் என்று வேலையை முடித்துக்கொள்ளுதல்.'

"அக்கா, அது சும்மா ஆபீஸ் முடியுறப்ப வெள்ளைக்காரன் சொல்றது" என்றேன்.

"இருக்கட்டும்மா. போதும், முடிச்சுக்கோன்னு போட்ட நாள்ல நான் எப்படி அவுகள வாசப்படி தாண்ட விடுவேன்? அவுகளுக்கு இதுல நம்பிக்கை இல்ல, எனக்கு இருக்கு. நான் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா அவுக போக மாட்டாக. போகலன்னா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் இடிக்கு. நீ மாத்து."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அடிச்சு ஊரெல்லாம் வித்த காலண்டரை எப்படிக்கா மாத்துறது?"

"ஊருல எது தொங்குனா எனக்கென்ன? என் வீட்டுல தொங்குறத மாத்து. சாதகத்துல தோசம் இருந்தாப் பரிகாரம் இல்லையா? எழுதுனவ கையாலயே மாத்தி வச்சுட்டாப் போதும். அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

படித்த திமிரில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் வீங்கிய காலோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மனுஷனின் உயிர், ஒரு துண்டுத் தாள். மாற்றினால் என்ன குடி முழுகிவிடும் என்று ஒப்புக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் அந்தத் தேதியைத் திறந்து கடைசி வரியை மட்டும் மாற்றினேன். 'இன் சேஃப் ஹேண்ட்ஸ். பத்திரமான கைகளில்.' மெஷின்மேன் அந்தோணியண்ணனிடம் கொடுத்து, ஒரே ஒரு தாள் வேண்டும் என்றேன். அந்தோணியண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொன்னாலே ஒன்பது கேள்வி கேட்பார். அன்றைக்கு ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்து, அளவாக வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம், அண்ணாச்சி ஆபீசில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். பையில் தாள், பிளேடு, பசை. ராசம்மாக்கா காலண்டரைக் காட்டிவிட்டு, "நான் பாக்க மாட்டேன். அன்னிக்கு விடிஞ்சுதான் பாப்பேன்" என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். வீட்டில் ஒரு சத்தமில்லை. தாள்களைத் தூக்கினேன். அந்தத் தேதி வந்தது.

கடைசி வரியில் 'கால் இட் எ டே' இல்லை. 'பி ரைட் பேக். போய்விட்டு உடனே வந்துவிடுகிறேன்' என்று இருந்தது.

அந்த வருஷத்து வரிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அந்த வரியை நான் எழுதவே இல்லை. அதே எழுத்து, அதே மை, மேலே நட்சத்திரமும் ராகு காலமும் துல்லியமாகச் சரி. பிறகு யார் எழுதியது? இத்தனை நாள் ஊர் சொன்னதெல்லாம் உண்மைதானோ, தாள் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினேன். வெளிச்சமான மத்தியானத்தில், தெருவில் வெள்ளரிக்காய் விற்கிறவன் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நான் அப்படிப் பயந்தேன்.

பிறகுதான் மேல் விளிம்பைக் கவனித்தேன். பழைய தாளை வெட்டி எடுத்துவிட்டு அந்த அடித்துண்டில் புதுத்தாளை ஒட்டியிருந்தார்கள். வெட்டு, ஸ்கேல் வைத்து வெட்டிய நேர்க்கோடு.

அண்ணாச்சி என்னை முந்தியிருக்கிறார். மனைவிக்கு இருக்கிற பயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கு இல்லாத நம்பிக்கைக்காக, ஒருவரிடமும் சொல்லாமல், தானே வரி எழுதி, அந்தோணியண்ணனிடம் அடித்து வாங்கி வந்து ஒட்டியிருக்கிறார். தினமும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் சொல்கிற வார்த்தைதான் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்த்து முடித்த தாளின்மேல் நான் கை வைப்பதா? என்னுடையதை வெளியே எடுக்கவே இல்லை. ராசம்மாக்காவைக் கூப்பிட்டு "ஆச்சுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நாள் விடிந்தது. ராசம்மாக்கா தாளைப் படித்துவிட்டு முகம் தெளிந்து வழியனுப்பினாராம். கால் வீக்கத்தால் அவர் போகவில்லை; மகன்தான் கூடப் போனான். "போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாச்சி காரில் ஏறினார். மதுரையில் டாக்டர்கள் முடிந்த மட்டும் பார்த்தார்கள். அவருக்கு மயக்கம் தெளியவே இல்லை. உடனே வருகிறேன் என்றவரை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ராசம்மாக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவருடைய தோள்பை ஆபீசிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று விட்டுப் போயிருந்தார். அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதத்துக்கும் மேலே ஆன பிறகு, பையைக் கொடுத்துவிட்டு உண்மையையும் சொல்லிவிட்டு வரலாம் என்று காலையிலேயே போனேன். அந்த வரியை நான் எழுதினேன் என்றல்லவா அந்த அம்மா நினைத்துக்கொண்டிருப்பார்?

ராசம்மாக்கா அழுது ஓய்ந்த முகத்தோடு இருப்பார் என்று நினைத்தேன். தலை சீவி, வீடு பெருக்கி, சாதாரணமாக இருந்தார். அடுப்பில் ஏதோ தாளிக்கிற மணம். "வாம்மா, சாப்பிட்டியா?" என்றார். உட்கார்ந்து, மென்று முழுங்கி விஷயத்துக்கு வந்தேன்.

"அக்கா, அன்னிக்கு இருந்த தாள் நான் எழுதுனது இல்ல. எனக்கு முந்தியே அண்ணாச்சிதான் மாத்தி ஒட்டியிருந்தாக. உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"தெரியும்மா. அவுகளே சொன்னாக."

எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "கிளம்புறதுக்கு முந்தியே சொல்லிட்டாகளா?"

"இல்ல இல்ல, பொறவுதான்" என்றார், கறிவேப்பிலையை உருவிக்கொண்டே. "முந்தாநாள் காலையில."

அவர் தலை நிமிரவே இல்லை. "உடனே வாரேன்னுதானே போட்டிருந்துச்சு. கொஞ்சம் தாமசமாயிருச்சு, அம்புட்டுத்தான்" என்றார்.

துக்கம் மனுஷரை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். என் உம்மாவும் வாப்பா மவுத்தான பிறகு கொஞ்ச நாள் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர்தான். பாவம், மகனிடம் சொல்லி ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். சுவரில் காலண்டர்.

அன்றைய தேதிதான் இருந்தது. மேலே கிழித்த தாள்களின் அடித்துண்டுகள் அடுக்காக நின்றன. எழுந்து கிட்டே போனேன். அண்ணாச்சி கிளம்புவதற்கு முந்தின நாள் வரைக்கும் கிழித்த துண்டுகள் நேர்க்கோடாக இருந்தன. அதற்கு அடுத்துப் பல்லுப் பல்லாகக் கொஞ்சம், வீட்டுக்கு வந்து போனவர்கள் யாராவது பிடித்து இழுத்திருப்பார்கள். அதற்கும் அடுத்து, காரியம் முடிந்த பிறகு வந்த நாட்களிலிருந்து அன்றைய காலைவரை, மறுபடியும் நேர்க்கோடு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இதை யாருக்கா கிழிக்கிறது?"

"நான் அதத் தொடுறதே இல்லையேம்மா" என்றார் அடுப்படியிலிருந்து.

அந்த ஸ்கேல் இத்தனை நாளும் என் மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தது. அந்த நிமிஷம் என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. துணியின் மேலாகத் தடவிப் பார்த்தேன், இருந்தது. வேறு ஸ்கேலோ, கத்தியோ, யார் கண்டது? இன்றுவரை எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ராசிபலனைக்கூட நம்பாதவள் நான்.

பையை நாற்காலியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். "இருந்து சாப்பிட்டுட்டுப் போம்மா" என்று அக்கா பின்னாலேயே வந்தார். செருப்பை மாட்டும்போது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாம் எல்லாரும் சொல்கிற அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"போறேங்க்கா" என்றேன்.

அவர் பதறிப்போனார். "அப்படிச் சொல்லக் கூடாது தாயி. போயிட்டு வாரேன்னு சொல்லு."

உள்ளே, கூடத்தில், ஒரே இழுப்பில் ஏதோ தாள் கிழிகிற சத்தம் கேட்டது. காற்றாகவும் இருக்கலாம். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

நான் சொல்லவில்லை.